புளியமரமும் இருபத்துநான்கு மணி நேரமும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் நிற்கிறபோதெல்லாம் எனக்கு வருகிற சந்தேகம் இது: நாம் நிற்பது கோட்டையிலா, சினிமா செட்டிலா? காரணம் இல்லாமல் இல்லை. 1801 மே மாதம் கும்பினிப் படை இடித்துத் தரைமட்டமாக்கியது ஒரு கோட்டை. 1974இல் மாநில அரசு கட்டி வைத்திருப்பது இன்னொரு கோட்டை. இரண்டுக்கும் நடுவே 1959 என்றொரு வருஷம் கிடக்கிறது. அந்த வருஷம்தான் பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. ஒட்டப்பிடாரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வருகிறவர்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள், வீரசக்கதேவி கோயிலுக்குப் பொங்கல் வைக்க வருகிறவர்கள் எல்லாருமே உள்ளே நுழைந்ததும் தேடுவது கட்டபொம்மனை அல்ல, சிவாஜியை. ஒருத்தராவது ஜாக்சன் முன்னால் பேசுகிற அந்த வரி வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்காமல் வெளியே போவதில்லை. நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஆறாம் வகுப்பில். கைதட்டினார்கள்.

இந்த வசனத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஏனென்றால் அரசு என்பது எது, அது எந்த உரிமையில் நம் மடியில் கை வைக்கிறது என்பதைப் பற்றித் தமிழனுக்குத் தெரிந்த அரசியல் தத்துவம், பெரும்பாலும் அந்த ஒரு காட்சிதான். அரசியல் சாசனத்தைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனால் வரி கேட்கிறவனை மறித்து "நீ யார்?" என்று கேட்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். சக்தி கிருஷ்ணசாமி எழுதிக் கொடுத்தது அந்த அளவில் சின்ன காரியம் இல்லை. அரசியல் சாசனத்தின் 265ஆம் உறுப்பும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் போடவோ வசூலிக்கவோ கூடாது என்று அதே மறிப்பைத்தான் சட்ட மொழியில் செய்கிறது. சினிமா அதைத் தொண்டையில் சொன்னது, சாசனம் தாளில் சொல்கிறது.

ஆனால் பிரதியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு இடறல் தட்டுப்படும். படத்தில் கட்டபொம்மன் வெள்ளைக்காரனிடம், எங்களோடு வயலில் வேலை பார்த்தாயா என்ற பொருளில் அடுக்கிக் கேட்கிற வேலைகளெல்லாம் நஞ்சை வேலைகள். நாற்று, நடவு, களை. பாஞ்சாலங்குறிச்சி கரிசல் காடு. மானாவாரி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைகிற மண்ணில், ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சம்சாரியிடம் போய் நாற்றங்கால் கணக்குப் பேசினால் சிரிப்பான். இது வெறும் தகவல் பிழை என்று விட்டுவிடலாம்தான். நான் அப்படி விடத் தயாரில்லை. உழைப்பின் பேரால் எழுப்பப்பட்ட ஒரு கேள்வியில், அந்த மண்ணின் உண்மையான உழைப்பே இல்லாமல் போயிருக்கிறது. உழைப்பு ஒரு அலங்காரமாக மட்டுமே வசனத்துக்குள் வந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கேள்வி திரும்பி வந்து இன்னொருத்தரைக் குத்தும் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை, கைதட்டிய நமக்கும் தோன்றவில்லை.

யாரைக் குத்தும்? எங்களோடு உழைத்தாயா என்பதுதான் வரி கேட்கிற உரிமைக்கு உரைகல் என்றால், பாளையக்காரர் என்ன பதில் சொல்வார்? அவரும்தான் காட்டில் இறங்கவில்லை. இறங்கினவர்கள் யார், கோட்டைக்கு மண் சுமந்தவர்கள் யார், கோட்டைக்காகச் செத்தவர்கள் யார்? கவர்னகிரி சுந்தரலிங்கம் பேரைப் படம் ஓரத்தில் வைத்தது, அவருடைய சனங்களை ஓரத்தில்கூட வைக்கவில்லை. இதைச் சொன்னால் உடனே "நீ தமிழ்வாணன் கட்சியா" என்று கேட்பார்கள். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று புத்தகம் போட்டவர் அவர். எனக்கு அந்தக் கட்சியும் இல்லை, ம.பொ.சி. கட்சியும் இல்லை. வீரனா கொள்ளையனா என்று நாற்பது வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு தரப்புமே ஆளைப் பற்றித்தான் பேசினார்கள். எந்த விதிப்படி ஆள்வது என்ற பேச்சு இரண்டு பக்கமும் எழவில்லை. நல்ல ராசாவா கெட்ட ராசாவா என்பதோடு நம் அரசியல் விமர்சனம் முடிந்துபோகிறது.

சரி, வெள்ளைக்காரன் எந்த உரிமையில் கேட்டான்? படம் இதைச் சொல்வதே இல்லை. அவனிடம் தாள் இருந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி கும்பினிக்குக் கடன்பட்டு, கடைசியில் 1792 ஒப்பந்தத்தின் மூலம் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கிற உரிமையையே கும்பினிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். கடனாளியும் கடன் கொடுத்தவனும் கையெழுத்துப் போட்ட தாள். கரிசல் காட்டுச் சம்சாரி அதில் ஒரு சரக்கு, அவ்வளவே. தாள் இருந்தால் மட்டும் அது அரசியல் சாசனம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. யார் பேரில் எழுதப்படுகிறது, எழுதுகிறவனையே அது கட்டுப்படுத்துகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத தாள் அடிமைச் சீட்டுதான்.

இப்போது நான் வர விரும்பிய இடத்துக்கு வருகிறேன். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்ததையும் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கலெக்டர் ஜாக்சன் 1798இல் கட்டபொம்மனைச் சந்திக்க வரச்சொல்லிவிட்டு ஊர் ஊராக அலையவிட்டார். 23 நாள், 400 மைல் என்று நம் பாடப்புத்தகங்களே சொல்கின்றன. ராமநாதபுரத்தில் மூன்று மணி நேரம் நிற்க வைத்துப் பேசியதும், கணக்குப் பார்த்தபோது 3310 பகோடாப் பாக்கியில் பெரும்பகுதி கட்டியாகி 1080 மட்டுமே நின்றதும், தப்பிப் போகிறபோது கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்ததும், சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டதும் தெரிந்த கதை. தெரியாத கதை, அல்லது படத்துக்குத் தேவைப்படாத கதை, அதற்குப் பிறகு வருவது. கட்டபொம்மன் மதராசுக்கு மனு எழுதினார். கவுன்சில் ஒரு விசாரணைக் குழு போட்டது. வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர். அந்தக் குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவியை இழந்தார். லூஷிங்டன் கலெக்டராக வந்தார்.

கும்பினிக்காரன் நியாயவான் என்று சொல்ல வரவில்லை, தோழர்கள் அவசரப்பட வேண்டாம். ஒரு அதிகாரி செய்ததை இன்னொரு ஆள், வேறு இடத்தில் உட்கார்ந்து, கணக்குப் பார்த்து, தப்பு என்று சொல்ல முடிந்தது. அந்தச் சின்ன இடைவெளியை மட்டும் கவனியுங்கள்.

ஒரே வருஷத்தில் அந்த இடைவெளி மூடிப்போனது. 1799இல் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார். கோட்டையைத் தாக்கியவர் அவர். புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்த கைதியைப் பெற்றுக்கொண்டவர் அவர். கயத்தாற்றில் பாளையக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, குற்றச்சாட்டை வாசிக்க வைத்து, தீர்ப்புச் சொன்னவரும் அவர். பிறகு புளியமரம். பிடித்தவன், குற்றம் சாட்டினவன், தீர்ப்புச் சொன்னவன், தூக்கில் போட்டவன் எல்லாம் ஒரே ஆள். சுற்றி உட்கார்ந்திருந்த பாளையக்காரர்கள் நீதிபதிகள் அல்ல, பார்வையாளர்கள். பயப்படுத்துவதற்காகக் கூட்டப்பட்டவர்கள். படத்தில் ஜாவர் சீதாராமன் பானர்மேனாக வந்து நிற்கிறார், சிவாஜி சங்கிலியோடு கர்ஜிக்கிறார், நாம் அழுகிறோம். அழுதுகொண்டே ஒன்றைத் தவறவிடுகிறோம். கட்டபொம்மன் கோழையாக இருந்திருந்தாலும், அவர் வீரனே இல்லாமல் வெறும் சுப்பனோ குப்பனோ என்றிருந்தாலும், கயத்தாற்றில் நடந்தது தப்புதான். வீரத்தின் மேல் வெளிச்சம் போடுகிற பிரதி, முறையின்மையை இருட்டில் வைத்துவிடுகிறது.

அரசியல் சாசனம் என்றால் என்ன என்று என்னிடம் ஒரே வரியில் கேட்டால், பிடிக்கிறவனுக்கும் தீர்ப்புச் சொல்கிறவனுக்கும் நடுவில் இருக்கிற தூரம் என்பேன். நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம், மத்திய அரசு, மாநில அரசு என்று அது பிரித்துப் பிரித்து வைப்பதெல்லாம் இந்தத் தூரத்தை உண்டாக்கத்தான். ஆட்சிக்கு அதிகாரம் கொடுப்பது அதன் பாதி வேலை. கொடுத்ததைத் துண்டு போட்டு ஒருத்தன் கையில் சேராமல் பார்த்துக்கொள்வது மறுபாதி.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சட்டம் படித்தவனில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த வழியில்தான் இதற்குள் நுழைய முடியும். நம் இலக்கியத்தில் விசாரிக்காமல் கொல்லப்பட்டவன் ஒருவன் இருக்கிறான். சிலப்பதிகாரத்துக் கோவலன். பாண்டியன் தப்பை உணர்ந்ததும் அரியணையிலேயே செத்து விழுகிறான். இதை நாம் இரண்டாயிரம் வருஷப் பெருமையாகப் பேசுகிறோம், நானும் மேடையில் பேசியிருக்கிறேன். யோசித்தால் பயமாக இருக்கிறது. அந்தக் காப்பியத்தில் அரசைத் தடுத்து நிறுத்துகிற ஒரே கருவி அரசனின் வெட்கம். அதுவும் கொலை நடந்த பிறகு வருகிற வெட்கம். வெட்கமில்லாத ராசா வாய்த்தால்? பானர்மேன் கயத்தாற்றில் செத்து விழவில்லை. ஊருக்குத் திரும்பிப் போனார்.

இன்னொரு கருவியும் இருந்தது. சாபம். 'சாசனம்' என்ற சொல்லையே பாருங்கள். கல்லிலும் செப்பேட்டிலும் ராசா கொடுத்த கொடைதான் சாசனம். கடைசியில் ஒரு வரி இருக்கும், இந்த தர்மத்துக்கு அகிதம் செய்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று. தனக்குப் பின்னால் வருகிற ராசாக்களைக் கட்டிப்போட அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. 1950இல் அதே சொல்லை எடுத்து நாம் தலைகீழாக்கினோம். மேலிருந்து கீழே கொடுத்தது போய், கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற சாசனம் வந்தது. பசுவைக் கொன்ற பாவத்துக்குப் பதில் கோர்ட்டு.

கீழே இருப்பவர்கள் எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்தவை 1946 மாகாண சட்டசபைகள். அந்தச் சபைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொத்தும் படிப்பும் இருந்ததால் வாக்கு இருந்தவர்கள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்த பெண்பிள்ளைக்கு அந்த 'மக்களாகிய நாம்' என்பதில் வாக்கு கிடையாது. 1935 சட்டத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதே வந்ததுதான். ஆனாலும் அந்தத் தாள்தான் அவளுக்கு வாக்கு கொடுத்தது. அந்தத் தாள்தான் பாஞ்சாலங்குறிச்சி அடங்கிய ஒட்டப்பிடாரத்தைத் தனித்தொகுதியாக்கியது. பிறப்பில் கோணலான ஒன்று நேரான காரியம் செய்யக்கூடும் என்பதை நம் ஆட்களால் ஜீரணிக்க முடிவதில்லை.

பிரதியின் இலக்கணத்துக்கு வருகிறேன். அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால், முக்கியமானவை பலவும் எதிர்மறை வினையில் இருக்கின்றன. அரசு மறுக்கக் கூடாது, பறிக்கக் கூடாது, பாகுபடுத்தக் கூடாது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் கூடாது. நமக்கு எது உண்டு என்பதைவிட அவனால் எது முடியாது என்பதே அதிகம். முதல் வாசிப்பில் எனக்கு இது வறட்சியாகத் தெரிந்தது. புளியமரத்தை நினைத்துக்கொண்டு படித்தபோது மொழி மாறிவிட்டது.

22ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் போக, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இதில் புதுசாக ஒன்றுமில்லை என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார். வெள்ளைக்காரனின் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது இருந்தது. உண்மை. அப்படியானால் சாசனம் என்ன செய்தது? இடத்தை மாற்றியது. சட்டம் என்பது ஆளுகிறவன் போடுவது, நாளைக்கு அவனே எடுத்துவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே போய் 2024 ஜூலையில் புதுப்பேரில் ஒன்று வந்துவிட்டது. 22ஆம் உறுப்பு போகவில்லை. ஆளுகிறவன் போடுகிற சட்டத்தையே செல்லாது என்று சொல்கிற இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

இந்த உறுப்புக்குப் பின்னால் ஒரு சோகக்கதையும் உண்டு. 21ஆம் உறுப்பில் 'உரிய நியாய முறை' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'சட்டம் வகுத்த முறை' என்று வைத்துவிட்டார்கள். சட்டம் எந்த முறையை வகுத்தாலும் சரிதான் என்று ஆகிவிடுமே என்ற பயம் அம்பேத்கருக்கு இருந்தது. இழந்ததில் கொஞ்சமாவது மீட்கலாம் என்றுதான் 1949 செப்டம்பரில் அவர் இந்த உறுப்பைக் கொண்டுவந்தார். ஆனால் அதே உறுப்பின் பின்பாதி, தடுப்புக் காவலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. முன்பாதி கொடுத்ததைப் பின்பாதி வாங்கிக்கொள்கிறது. சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் மதராஸ் அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில், 1950லேயே உச்ச நீதிமன்றம் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்துக் கையை விரித்தது. மேனகா காந்தி வழக்கில் அந்த வாசிப்பு மாற 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குண்டர் சட்டத்தில் உள்ளே போன பையன்கள் நம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த இலக்கணமெல்லாம் நன்றாகவே தெரியும்.

1957 நவம்பர் 26இல் பெரியார் தொண்டர்கள் சாசனத்தைக் கொளுத்தினார்கள். மூன்று வருஷம் வரை சிறை என்று அதற்காகவே சட்டம் போட்ட பிறகும் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். சாதியைக் காப்பாற்றுகிற பிரிவுகள் என்று அவர்கள் வாசித்தவற்றைத்தான் கொளுத்தினார்கள். கொளுத்துவதும் ஒரு வாசிப்புதான், அதுவும் நெருக்கமான வாசிப்பு. எழுதினவரே, 1953இல் மாநிலங்களவையில், இதைக் கொளுத்துகிற முதல் ஆள் நானாக இருப்பேன் என்ற பொருளில் பேசினார். படிக்காமலே மாலை போடுகிறவர்களைவிட இவர்கள் எனக்கு மரியாதைக்குரியவர்கள். ஆனால் கொளுத்தின பிறகு கயத்தாற்றுக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. பிடிக்கிறவனுக்கும் தீர்ப்புச் சொல்கிறவனுக்கும் நடுவில் எதை வைப்பது?

1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் சபையில் பேசியபோது, இந்திய மண்ணே ஜனநாயகமற்றது, ஜனநாயகம் அதன் மேல் தூவிய மேலுரம்தான் என்ற கருத்தைச் சொன்னார். இதை ஒரு தடவை வீட்டில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்து, "ஈரமில்லாத காட்டுல மேலுரம் போட்டா காத்துக்குத்தாம்ல" என்றார். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நான் அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை.

அந்த ஈரத்தைப் பற்றி இந்த வட்டாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி இருக்கிற அதே ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில்தான் கொடியங்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் அந்தத் தலித் கிராமத்துக்குள் புகுந்து வீடுகளையும் பண்டபாத்திரங்களையும் அடித்து நொறுக்கினார்கள். யாரையும் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிற வேலையே இல்லை, ஊரையே தண்டித்தாயிற்று. இரண்டு வருஷம் கழித்து, பஸ்ஸில் சுந்தரலிங்கம் பேர் எழுதினால் ஏறமாட்டோம் என்று கலவரம் நடந்து, 1997இல் எல்லாத் தலைவர்கள் பேரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்தது. கட்டபொம்மன் பேரும் போனது. தளபதியின் பேர் வேண்டாம் என்றவர்கள் ராசாவின் பேரையும் இழந்தார்கள்.

2020க்கு வருகிறேன். சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும், ஊரடங்கில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்ற பேரில், ஜூன் 19 சாயங்காலம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ராத்திரி முழுக்க அடி. மறுநாள் மாஜிஸ்திரேட். கவனியுங்கள், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்தான். உறுப்பு 22, பிரிவு 2, எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. மாடியில் நின்றபடியே, இருவரையும் பக்கத்தில் அழைத்துப் பார்க்காமல் ரிமாண்ட் ஆனது என்று செய்திகள் வந்தன. அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து எங்கள் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன், 23 விடியற்காலையில் அப்பா, இரண்டு பேரும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்கள்.

புளியமரத்துக்கும் கிளைச்சிறைக்கும் நடுவில் சாசனம் போட்டு வைத்திருந்த தூரம், ஒரு மாடியின் உயரமாகச் சுருங்கிப்போனது. 'முன்னால் நிறுத்த வேண்டும்' என்றுதான் பிரதி சொல்கிறது. நிறுத்தப்பட்டவனைப் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. முன்னிலை என்பது தமிழில் வெறும் இடப்பெயர் இல்லை, எதிரே நிற்பவனை 'நீ' என்று ஏற்பது. இலக்கண வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நூறு தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் படர்க்கையாகவே உள்ளே போய், படர்க்கையாகவே வெளியே வந்தார்கள்.

ஆனால் நான் இங்கே நிறுத்திக்கொண்டு "எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்று சொல்ல முடியாதபடி ஒன்று நடந்தது. மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசனை நிலையத்துக்கு அனுப்பியது. போனவரையே நிலையத்தில் மிரட்டப் பார்த்தார்கள். கேமராப் பதிவு தினமும் தானே அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டுபிடித்து எழுதினார். தலைமைக் காவலர் ரேவதி, பயந்துகொண்டேதான், பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் போலீஸ் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரக் கோர்ட்டு உத்தரவிட்டது. ஒரு தாசில்தார் போலீஸ் நிலையத்துக்குள் போய்ச் சாவியை வாங்குகிற காட்சியை யாராவது படம் எடுத்தால் நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

நண்பர்கள் சிலர் இதையும் ஒப்புக்கொள்வதில்லை. ஊடகம் கத்தியது, வியாபாரிகள் கடையை அடைத்தார்கள், சாதிச் சங்கம் பின்னால் நின்றது, அதனால் நடந்தது என்கிறார்கள். கொடியங்குளத்துக்கு அப்படி ஒரு ஜூன் மாதம் வாய்க்கவில்லையே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. கத்தாமல் கோர்ட்டு எழுந்திருக்காது, யார் கத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சத்தம் மேலே கேட்கிறது. ஆனால் கயத்தாற்றில் கத்தியிருந்தால் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்? தட்டுவதற்கு ஒரு கதவு இருப்பதும், தட்டுகிறவர்களில் எல்லாருக்கும் அது திறக்காததும் இரண்டு தனிப் பிரச்சினைகள். இரண்டாவதற்காக முதலாவதை இடித்துவிட்டால், பிறகு தகராறு யாரோடு?

போன மாசம் கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்குப் போனேன். சிவாஜி தன் செலவில் வைத்த கட்டபொம்மன் சிலையைத் தாண்டுகிறபோது பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இங்கனதான தூக்குல போட்டாக" என்றார். ஆமாம் என்றேன். "விசாரிச்சாகளா?" என்று கேட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்.